எட்டிலொரு பங்கு: செப்பொட்சைட்டு மீகடத்திகளில் ஒன்றோடொன்று முரணும் அவத்தைகளின் வரலாறு

விஞ்ஞான வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் சிகரங்களையே எண்ணிச் செல்வர். எவர் எந்த ஆண்டில் எந்த உயரத்தை எட்டினார் என்பதே அவர்தம் ஏடுகளில் இடம்பெறும். வரைபடமொன்றில் உயர்ந்து செல்லும் கோடு இடையிலே ஓரிடத்தில் மட்டும் பள்ளத்தில் வீழ்ந்து மீண்டும் எழுமாயின், அப்பள்ளத்தைப் பரிசோதனைப் பிழையெனக் கருதி அப்பாற் செல்லுதல் மனித இயல்பு. அவ்வாறு ஒதுக்கப்பட்டிருக்கக் கூடிய ஒரு பள்ளத்தின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்கேவன் தேசிய ஆய்கூடத்தில் அது தெளிவாக வரையப்பட்டது. அதன் பொருளை அறிய ஏழாண்டுகள் சென்றன. அறிந்த பொருளின் உட்பொருள் பற்றிய வழக்கோ இன்றும் முடிந்தபாடில்லை.

மீகடத்துதிறன் இன்னதென்பதை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடுவாம். 1908இல் ஒல்லாந்து தேசத்து லைடன் நகரிலே காமர்லிங் ஒன்னெஸ் என்பார் ஈலிய வாயுவைத் திரவமாக்கினார். மூன்றாண்டுகளின் பின், 1911இல், அத்திரவத்தின் குளிரில் இரசத்தின் மின்றடையை அளந்தபோது, 4.2 கெல்வின் அளவில் அத்தடை அறவே மறைந்ததைக் கண்டார். பனிக்கட்டி உருகும் வெப்பநிலை 273 கெல்வின் என்பதை நினைவிற் கொள்வோர் அக்குளிரின் கடுமையை உணர்வர். 1933இல் மைசினரும் ஒக்சன்பெல்டும் மீகடத்தியானது காந்தமண்டலத்தைத் தன்னுள்ளிருந்து வெளியேற்றும் என்பதைக் காட்டினர். காரணம் கூறுவதற்கோ 1957ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாடீன், கூப்பர், சிரீபர் என்னும் மூவர் அவ்வாண்டிலே அதனைக் கூறினர். இயல்பில் ஒன்றையொன்று விலக்கும் இலத்திரன்கள், பளிங்குச் சாலகத்தின் அதிர்வை இடைத்தரகாகக் கொண்டு இவ்விரண்டாய்ச் சோடி சேர்கின்றன. அச்சோடிகள் யாவும் ஒரே ஒழுங்கில் இயங்குவதால், தனியொரு தடை அவற்றைச் சிதறடிக்க இயலாது போகின்றது என்பதே அவர் கொள்கையின் சாரம். இக்கொள்கை உலோகங்களுக்கு நன்கு பொருந்தியது. ஆயினும் 1973இல் எட்டப்பட்ட 23 கெல்வினைத் தாண்டி எவ்வுலோகக் கலவையும் பதின்மூன்று ஆண்டுகளாகச் செல்லவில்லை. இதற்கு மேல் வழியில்லை எனப் பலர் சோர்ந்திருந்தனர்.

அந்நிலையில் 1986ஆம் ஆண்டு தொடங்கியது. சுவிற்சலாந்தின் சூரிச் நகரருகே ரூஸ்லிக்கன் என்னுமிடத்திலுள்ள ஐ.பி.எம். ஆய்கூடத்தில் பணியாற்றிய பெட்நோர்ட்ஸ், மியூல்லர் என்னும் இருவர் உலோகங்களைக் கைவிட்டு, மட்பாண்டத்தை ஒத்த ஒட்சைட்டுக்களைச் சோதித்து வந்தனர். இலந்தனம், பேரியம், செப்பு, ஒட்சிசன் ஆகியவை கூடிய சேர்வையொன்றைப் பிரான்சு தேசத்துக் கான் நகரத்து இரசாயனிகளான மிசேலும் றாவோவும் முன்னரே ஆக்கியிருந்தனர். அவர்கள் நாடிய பயன் வேறு. அச்சேர்வையைக் குளிரச் செய்தபோது 30 கெல்வினுக்குச் சற்று மேலேயே தடை வீழத் தொடங்கியதை ரூஸ்லிக்கனில் இருவரும் கண்டனர். அவர்தம் கட்டுரையின் தலைப்பிலே 'இருக்கக்கூடும்' என்னும் அடக்கச் சொல் ஒன்று உண்டு. அடுத்த ஆண்டே அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே இத்துணைக் குறுகிய காலம் செல்வது அரிது.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1987இன் தொடக்கத்தில் வூ, சூ முதலியோர் இத்திரியம், பேரியம், செப்பு ஆகியவற்றின் ஒட்சைட்டில் 93 கெல்வினை எட்டினர். திரவ நைதரசன் கொதிக்கும் வெப்பநிலை 77 கெல்வின். ஆகவே விலையுயர்ந்த ஈலியத்தின் தயவு வேண்டாததாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 18ஆம் நாள் நியூயோர்க்கிலே அமெரிக்கப் பௌதிகச் சங்கம் கூட்டிய அரங்கு நள்ளிரவு கடந்தும் கலையவில்லை. 1993இல் இரசம் சேர்ந்த செப்பொட்சைட்டொன்று 133 கெல்வினை எட்டியது. அடுத்த ஆண்டு, பேரமுக்கத்தின் கீழ் அது 164 கெல்வினளவுக்கு ஏறியது. சிகரங்களின் கதை இவ்வளவே. இனி நமது பள்ளத்துக்கு வருவாம்.

செப்பொட்சைட்டுக்கள் யாவும் அடுக்கடுக்காய் அமைந்தவை. ஒவ்வோர் அடுக்கிலும் செப்பணுக்கள் சதுரக் கட்டங்களின் மூலைகளிலும், ஒட்சிசன் அணுக்கள் அக்கட்டங்களின் பக்கங்களிலும் இருக்கின்றன. இலந்தனச் செப்பொட்சைட்டைத் தூயதாக எடுத்துக்கொண்டால் அது மீகடத்தியன்று, நல்ல கடத்தியுமன்று, காவலியாகும். சாதாரணக் கணிப்பின்படி ஒவ்வொரு செப்பணுவிலும் கட்டற்ற இலத்திரன் ஒன்றிருப்பதால் அது உலோகம் போல் மின்னைக் கடத்தவேண்டும். ஆனால் ஓரணுவில் இரண்டு இலத்திரன்கள் குடியேறினால் அவற்றின் விலக்கம் பெரிதாகையால், ஒவ்வொன்றும் தத்தம் அணுவிலேயே முடங்கிக் கிடக்கின்றது. அவ்வாறு முடங்கிய இலத்திரன்களின் காந்தத் திசைகள் அயலயலாக ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாறி மாறி நிற்கும். இதனை எதிர் அயக்காந்த ஒழுங்கு என்பர். இலந்தனச் சேர்வையில் இவ்வொழுங்கு 320 கெல்வினளவு வரை, அதாவது அறை வெப்பநிலைக்கு மேலும், நிலைத்து நிற்கும்.

இலந்தனத்தில் ஒரு பகுதியை அகற்றிப் பேரியத்தையோ திரொந்தியத்தையோ இட்டால், செப்படுக்குகளிலிருந்து சில இலத்திரன்கள் நீங்குகின்றன. இலத்திரன் நீங்கிய வெற்றிடம் 'துளை' எனப்படும். நூறு செப்பணுக்களுக்கு இரண்டு துளைகள் வந்தவுடனேயே காந்த ஒழுங்கு குலைகின்றது. ஐந்தளவில் மீகடத்துதிறன் தலைகாட்டுகின்றது. பதினாறளவில் அது உச்சத்தை அடைந்து, இருபத்தேழளவில் மறைகின்றது. துளைகளின் தொகையைக் கிடையாகவும் மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலையை நிலைக்குத்தாகவும் வரைந்தால் குடைபோன்ற ஒரு வளைவு கிடைக்கும். மாணவர் பாடநூல்களிற் காண்பது இவ்வழகிய குடையையே.

ஆனால் குடையிலே ஒரு பொத்தல் உண்டு. மூடன்பா என்பாரும் அவர்தம் துணைவரும் பேரியச் சேர்வையைச் சிறுசிறு படிகளில் ஆக்கி, ஒவ்வொன்றையும் அளந்தனர். எட்டுச் செப்பணுக்களுக்கு ஒரு துளை என்னும் விகிதத்தில் மீகடத்தல் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் 30 கெல்வினளவில் மீகடத்தல் தோன்ற, எட்டிலொரு பங்கில் மட்டும் அது 5 கெல்வினளவுக்கு வீழ்ந்தது. 1986இல் முதல் அதிசயத்தைக் காட்டிய அதே பேரியச் சேர்வைதான் இப்பள்ளத்தையும் மிக ஆழமாகக் காட்டியது என்பது கருதத்தக்கது. ரூஸ்லிக்கனில் அன்று அடுப்பிலிட்ட கலவை சரியாக எட்டிலொரு பங்காக அமைந்து வேறு விகிதம் சோதிக்கப்படாது போயிருப்பின், வரலாறு எவ்வாறு சென்றிருக்குமோ!

1989இல் அதே ஆய்கூடத்தைச் சேர்ந்த அக்ஸ் முதலியோர், இவ்விகிதத்தில் குளிரும்போது சாலகம் தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்வதைக் கண்டனர். செப்பைச் சூழ்ந்த ஒட்சிசன் எண்முகிகள் சாயும் திசை மாறுகின்றது. அம்மாற்றமே குற்றவாளி என ஒரு சாரார் கொண்டனர். இவ்விளக்கம் எனக்கு நிறைவளிப்பதன்று. வடிவம் மாறினாற்கூட, இலத்திரன்கள் அதனை ஏன் இத்துணைப் பொருட்படுத்த வேண்டும்? எட்டு என்னும் எண் எங்கிருந்து வந்தது?

விடை வேறொரு திசையில் உருவாகிக் கொண்டிருந்தது. அதே 1989இல் சானென், குன்னர்சன் என்னும் இருவரும், தனியே யப்பானில் மச்சிடாவும், ஏட்டுக் கணக்கின் வழியாக ஒரு கருத்தை வெளியிட்டனர். காந்த ஒழுங்குள்ள தளத்தில் துளைகளை இட்டால் அவை எங்கும் சமமாகப் பரவமாட்டா; கோடுகளாகத் திரண்டு நிற்கும் என்பது அக்கருத்து. நம்மவர்க்கு வயலும் வரம்பும் கூறினால் இது எளிதில் விளங்கும். துளைகள் கூடும் கோடுகளே வரம்புகள். இரு வரம்புகளுக்கிடைப்பட்ட வயலிலே பழைய காந்த ஒழுங்கு அழியாது நிற்கும். வரம்பைத் தாண்டி அடுத்த வயலுக்குச் சென்றால் அவ்வொழுங்கு தலைகீழாகும்; மேல் நோக்கியிருக்க வேண்டியது கீழ் நோக்கும். துளைகள் வரம்பின்மீது ஓடித் திரியலாம். காந்தம் வயலிலே குடியிருக்கலாம். நகர விரும்பும் ஏற்றமும் நிலைக்க விரும்பும் காந்தமும் செய்துகொண்ட பாகப்பிரிவினை என்றே இதனைக் கூறவேண்டும்.

ஏட்டிலுள்ள வரியைப் பளிங்கிற் காட்டியவர் திரங்குவாடா. அவரும் புரூக்கேவனைச் சேர்ந்தவரே. 1994இல் நிக்கல் ஒட்சைட்டில் அவர்தம் குழுவினர் இத்தகைய வரிகளைக் கண்டிருந்தனர். செப்பொட்சைட்டிற் காண்பதற்கு ஓர் இடர் இருந்தது. நியூத்திரன் கதிரால் ஆராய்வதற்குப் பெரிய தனிப்பளிங்கு வேண்டும். எட்டிலொரு பங்குப் பேரியச் சேர்வையில் அத்தகைய பளிங்கை அக்காலத்தில் வளர்க்க இயலவில்லை. ஆதலால் அவர்கள் திரொந்தியச் சேர்வையை எடுத்து, அதில் நியோதிமியத்தையும் கலந்து, வேண்டிய சாய்வைச் சாலகத்துக்குக் கொடுத்தனர். அப்பளிங்கு தோக்கியோவின் உச்சிடா முதலியோருடைய கைவண்ணம். 1995இல் வெளியான முடிவு ஐயத்துக்கிடமின்றி இருந்தது. துளை வரிகள் நான்கு செப்பணுத் தூரத்துக்கு ஒருமுறையும், காந்த ஒழுங்கு எட்டணுத் தூரத்துக்கு ஒருமுறையும் மீண்டு வந்தன. வரம்பு தாண்டும்போது காந்தம் தலைகீழாவதால், இரு வயல் கடந்தாலன்றிப் பழைய நிலை வாராது. ஆகவே எட்டு நான்கின் இருமடங்காயிற்று. மேலும், குளிரும்போது துளை ஒழுங்கு முதலிலும் காந்த ஒழுங்கு பின்னரும் தோன்றின. பாகப்பிரிவினையை முதலிற் கேட்டது ஏற்றமே என்பதற்கு இது சான்று.

எட்டிலொரு பங்கின் கணக்கும் இதனாற் சரிவந்தது. வரம்பின் நெடுக இரண்டு செப்பணுக்களுக்கு ஒரு துளை. வரம்புக்கு வரம்பு நான்கணுத் தூரம். இரண்டை நான்காற் பெருக்க எட்டு. அவ்விகிதத்தில் வரிகள் சாலகத்துடன் மிகவும் இசைந்து பொருந்துகின்றன. பொருந்தியவை சாய்ந்த எண்முகிகளிலே சிக்கி அசையாது நின்றுவிடுகின்றன. அசையாத வரிகளிலே சிறைப்பட்ட துளைகள் சோடியாகி எங்கும் ஓடும் மீகடத்தலுக்குக் கிடைப்பதெங்ஙனம்? இலத்திரன் கூட்டம் ஒன்றே. அதனைத் தன்வயப்படுத்த முனையும் ஒழுங்குகளோ பல. ஒன்று வெல்லும்போது மற்றது ஒடுங்கவேண்டும். முரணும் அவத்தைகள் என நாம் கூறுவதன் பொருள் இதுவே.

அக்காலத்தில் இம்முடிவை எல்லோரும் ஏற்றுக்கொண்டனர் என நினைப்பது தவறு. வலிமையான மறுப்பொன்று எழுந்தது: இவ்வரிகள் இலந்தனக் குடும்பத்தின் குலநோய், 90 கெல்வினைத் தாண்டும் உயர்ந்த குடும்பங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நேர்மையாகக் கூறுவதாயின், 1995இல் இம்மறுப்பைத் தள்ளுவதற்குப் போதிய சான்று எவரிடமும் இருக்கவில்லை. வேறு குடும்பங்களில் மற்றொரு புதிர் இருந்தது உண்மை. 1989இல் பிரான்சின் ஓர்சே நகரில் அலூல் முதலியோர் அணுக்கருக் காந்தப் பரிவினால் இத்திரியச் சேர்வையை ஆராய்ந்து, மீகடத்தல் தொடங்குவதற்கு வெகு முன்னரே இலத்திரன்களின் ஒரு பகுதி மறையத் தொடங்குவதைக் கண்டனர். போலி இடைவெளி எனப்படும் இது வருங்காலச் சோடிகளின் முன்னறிகுறியா, அன்றி மற்றோர் ஒழுங்கின் அடையாளமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதனை விரிக்கின் இன்னொரு கட்டுரையாகும்.

மறுப்புக்கு விடை படிப்படியாக வந்தது. 2002இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலியில் சீமஸ் டேவிசின் குழுவினர் பிசுமத்துச் சேர்வையின் மேற்பரப்பை அணுவணுவாகத் துருவிப் பார்க்கும் நுணுக்குக்காட்டியொன்றால் ஆராய்ந்தனர். காந்தமண்டலத்தில் வைத்த மீகடத்தியில் ஆங்காங்கே சிறு சுழிகள் தோன்றும். சுழியின் நடுவே மீகடத்தல் அழிந்திருக்கும். அரசன் வீழ்ந்த இடத்தில் யார் எழுகின்றார் என்று பார்ப்பது போன்ற சோதனை இது. அங்கே எழுந்தது நான்கணுத் தூரத்துக்கு ஒருமுறை மீளும் கட்டக்கோலம். 2006இல் பிரித்தானிய கொலம்பியாவைச் சேர்ந்த லியாங், பொன், ஹாடி ஆகியோர் இத்திரியச் சேர்வையின் வளைவை நுணுக்கமாக அளந்து, அங்கும் எட்டிலொரு பங்கை அண்டி ஒரு தாழ்வு இருப்பதைக் காட்டினர். அடுத்த ஆண்டு, துலூசு நகரத்தின் பெருங்காந்தத்தில் 62 தெசிலா வரை சென்று செய்த சோதனையில், அச்சேர்வையின் இலத்திரன்கள் எதிர்பார்த்த பெரிய வட்டத்தை விட்டுச் சிறு துண்டுகளாகப் பிரிந்திருப்பது புலனாயிற்று. ஏதோ ஓர் ஒழுங்கு புகுந்து பிரித்தாலன்றி இது நிகழாது.

அவ்வொழுங்கை நேரிற் கண்டவை 2011, 2012ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளாம். கிரெனோபிள் நகரத்தில் உயர்ந்த காந்தமண்டலத்தில் செய்த பரிவுச் சோதனை, இத்திரியச் சேர்வையிலும் ஏற்றம் அலையலையாக ஒழுங்குறுவதைக் காட்டியது. 2012இல் கிறிங்கெல்லியும் அவர் துணைவரும் எக்ஸ் கதிர்களால் அதனை உறுதிசெய்தனர். அதே ஆண்டில் சாங் முதலியோர் வெளியிட்ட ஆய்வை நான் தனியே எடுத்துக் கூற விரும்புகின்றேன். முரண் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படத்தைக் காண்பது அரிது. செப்பணுவுக்கு 0.12 துளையுள்ள இத்திரியப் பளிங்கு அவர்கள் எடுத்தது. அது 67 கெல்வினில் மீகடத்தியாகும். குளிரக் குளிர ஏற்ற அலையின் வலிமை வளர்ந்தது. 67 கெல்வினை அடைந்ததும் வளர்ச்சி நின்று, அலை தேயத் தொடங்கியது. மீகடத்தல் பிறந்தவுடன் அலை ஒடுங்கிற்று. இனி, 17 தெசிலாக் காந்தமண்டலத்தை இட்டு மீகடத்தலை நலிவுறச் செய்தபோது, அலை தேயாது மேலும் வளர்ந்தது. குலநோய் என்ற மறுப்பு இத்துடன் வலியிழந்தது. ஆயினும் இரு குடும்பங்களும் முற்றும் ஒன்றல்ல என்பதையும் மறைத்தலாகாது. இத்திரியச் சேர்வையின் அலை மூன்றேகாலணுவுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் மீள்கின்றது. இலந்தனச் சேர்வையிற் போல் காந்த வரிகள் அதனுடன் கைகோத்து வருவதில்லை.

இவ்வளவில் வழக்கு முடிந்தது, வரியே குற்றவாளி எனத் தீர்ப்பெழுதத் தோன்றும். ஆனால் 2007ஆம் ஆண்டிலேயே அதற்குத் தடையாக ஒரு சாட்சியம் வந்துவிட்டது. அதற்குள் எட்டிலொரு பங்குப் பேரியச் சேர்வையிலும் நல்ல தனிப்பளிங்குகள் வளர்க்கப்பட்டிருந்தன. பழைய பள்ளத்தின் அடியைத் திரங்குவாடாவின் குழுவினர் மீண்டும் அளந்தனர். 54 கெல்வினளவில் துளை வரிகள் ஒழுங்குற்றன. 40 கெல்வினளவில் காந்தமும் ஒழுங்குற்றது. அதே 40 கெல்வினில், அடுக்குகளின் நெடுக்கே சென்ற மின்னோட்டத்தின் தடை திடீரெனச் சரிந்தது! 16 கெல்வினளவில் அது அறவே மறைந்தது. அடுக்கைக் குறுக்கே கடக்கும் மின்னோட்டத்துக்கோ தடை நீடித்தது. முழுப் பளிங்கும் மீகடத்தியாவதற்கு 5 கெல்வினளவு வரை குளிரவேண்டியிருந்தது. அஃதாவது, வரிகள் சோடி சேர்தலை அழிக்கவில்லை. ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே மீகடத்தியாகியும், அடுக்கோடு அடுக்குத் தொடர்பறுந்து நின்றது.

தொடர்பு அறுந்தது ஏன்? ஓர் அடுக்கில் வரம்புகள் வடக்குத் தெற்காக ஓடினால் அடுத்ததில் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அயல் வரம்புகளிலுள்ள சோடிகள் ஒன்றுக்கொன்று எதிரான குறியுடன் அலைபோல் அமைந்திருப்பின், இத்தகைய குறுக்கடுக்கில் ஒன்றன் பங்களிப்பை மற்றது அழித்துவிடும் என்று பேர்க், பிரட்கின், கிவெல்சன் முதலியோர் 2007இலேயே விளக்கினர். கிவெல்சன், பிரட்கின், எமெரி ஆகியோர் 1998 முதலே வரிகளைப் பகையாக மட்டும் கருதாது, திரவப் பளிங்குகளை ஒத்த இலத்திரன் அவத்தைகளாகக் கருதி வந்தவர். அசையாது உறைந்த வரி மீகடத்தலுக்குப் பகை. நெளிந்து அலையும் வரியோ துணையாகலாம் என்பது அவர் பக்கத்து வாதம். பகையும் உறவும் ஒரே மூலத்திற் பிறப்பது நம் இதிகாசங்களுக்குப் புதிதன்று.

இவ்வழக்கில் வெறும் கல்வி வேட்கை மட்டும் பணயமன்று. வரி பகையாயின், அதனை ஒழிக்கும் வழியைக் கண்டால் மீகடத்தல் உயரும். துணையாயின், ஒழிப்பவர் தம் கிளையையே வெட்டுவர். ஒழிக்கும் சோதனைகளும் செய்யப்பட்டுள்ளன. 2011இல் கவல்லேரியின் குழுவினர், யூரோப்பியம் சேர்ந்த எட்டிலொரு பங்குச் சேர்வையின்மீது செங்கீழ்க் கதிரின் சிறு துடிப்பொன்றைச் செலுத்தினர். சாலகம் அதிர்ந்தது. செக்கனின் இலட்சங்கோடியில் ஓரிரு பங்கு காலத்துக்குள், குளிரிலும் மீகடத்தாதிருந்த அப்பொருள் மீகடத்தியின் அடையாளத்தைக் காட்டியது. அத்துணை விரைவில் சோடிகள் புதிதாய் உண்டாயின என்பதைக் காட்டிலும், முன்னரே இருந்த சோடிகள் அடுக்குத் தாண்ட வழி திறந்தது என்று கொள்வதே பொருத்தம். 2020இல் குகுச்சியா முதலியோர் பேரியச் சேர்வையை ஒரு திசையில் மட்டும் மெல்ல அமுக்கியபோது, முழுப் பளிங்கின் மீகடத்தல் பன்மடங்கு உயர்ந்தது. காந்த வரிகள் நலிந்தன. இரு சோதனைகளும் 2007ஆம் ஆண்டுச் சாட்சியத்தின் பக்கமே சாய்கின்றன என்பது என் கருத்து.

கணிதத்தின் நிலையும் இதுவே. சதுரச் சாலகத்தில் இலத்திரன்கள் தாவுவதையும், ஓரணுவில் இரண்டு கூடினால் விலக்குவதையும் மட்டும் கொண்ட எளிய மாதிரியொன்றை 1963இல் ஹபார்ட் அமைத்தார். எழுதுவதற்கு ஒரு வரியே போதுமான அம்மாதிரியைத் தீர்ப்பதற்கு அறுபது ஆண்டுகளாக அறிஞர் முயன்று வருகின்றனர். 2017இல் பல குழுவினர் வெவ்வேறு முறைகளாற் கணித்து, எட்டிலொரு பங்கில் வரிகளே மிகத் தாழ்ந்த சத்தியுடையன என ஒருமனதாகக் கண்டனர். ஆனால் வரியில்லா மீகடத்தல் நிலை அதற்கு மிகச் சிறிது மேலேயே நின்றது. மயிரிழை வேறுபாடு எனலாம். அவ்வெளிய மாதிரியில், தூரத்து அணுவுக்குத் தாவுவதையும் சேர்த்துக் கணித்தபோது, 2024இல் வெளியான முடிவின்படி, ஓரளவே நிரம்பிய வரிகளும் மீகடத்தலும் ஒரே தளத்தில் ஒருங்கே வாழ்ந்தன.